ஆல்ட்டோ வரிசையில் நின்ற பிள்ளை

மார்த்தாண்டம் சந்தைக்குப் போனாலும் சரி, குழித்துறை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றாலும் சரி, இப்போதெல்லாம் என்னிடம் எல்லாரும் கேட்கிறது ஒன்றுதான். "டீச்சரே, அந்தப் பிள்ளைக்கு நீங்கதானே படிச்சுக் குடுத்தது? பைனல்ல அவ்வளவு மேல எப்படிப் போனா?" டிவிப் பாட்டுப் போட்டியில் பேர் வாங்கிய பிள்ளை என்றாலே எல்லாருக்கும் உச்சஸ்தாயிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவள் அந்தப் போட்டியில் பிழைத்துக் கிடந்ததும், பைனல் வரைக்கும் போனதும் மேலே பாடியதால் அல்ல, கீழே பாடியதால். அதை விவரமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாடுகிற பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாராவது படித்தால் நல்லது. ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர்தான் என்றாலும், அவள் அம்மா சொன்னதால் பெயரை இங்கே போடவில்லை.

நான் வாரநாளில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனியும் ஞாயிறும் எங்கள் சி.எஸ்.ஐ. சபையின் கொயரை, அதாவது ஆலயப் பாடகர் குழுவை, நடத்துகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கொயர் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு இல்லை. 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி இங்கே மயிலாடிக்கு வந்தார். 1819-ல் நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வந்த அதே வழியாகத்தான் சோப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல்குரல், கீழ்க்குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல்குரல், கீழ்க்குரல்) என்று நாலு குரலில் பாடுகிற பழக்கமும் இங்கே வந்தது. டானிக் சொல்ஃபா என்று ஒரு முறை உண்டு. ராகத்தை, அதாவது பாட்டின் மெட்டை, டோ, ரே, மி எழுத்துகளாக எழுதி வைத்துப் பாடுவது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கர்வென் பரப்பிய முறை அது. எங்கள் சபையில் கொத்தனார் வேலைக்குப் போகிறவரும் பனையேறியவரின் மகனும் இன்றைக்கும் அந்த எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் பாடிவிடுவார்கள். நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை சண்டே ஸ்கூலில் இருந்து கொயருக்கு வந்தபோது சின்னக் குழந்தை. குழந்தைகள் எல்லாரையும் முதலில் சோப்ரானோவில்தான் நிறுத்துவோம். ராகம் அங்கேதான் போகும், பிடிக்க லேசு. இவளுக்கு மட்டும் மேலே போனால் முகம் இறுகிவிடும். ஆனால் கீழே வந்தால் குரல் அப்படியே விரியும். எட்டாவது படிக்கும்போது ஆல்ட்டோ வரிசைக்கு மாற்றினேன். வரிசையில் மற்றவர்கள் எல்லாம் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை எடுத்தவர்கள். நடுவில் இவள் ஒருத்தி இரட்டைச் சடையோடு.

ஆல்ட்டோ பாடுகிறவளுக்கு ராகம் கிடையாது. கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய் முணுமுணுக்கிற வரி அவளுக்கு ஒருபோதும் வராது. சோப்ரானோ மேலே ஏறிப் போகும்போது இவள் ஒரே ஸ்வரத்தில் நாலு அட்சரம் நிற்க வேண்டும். பக்கத்தில் டெனர் வேறு எங்கோ போகும். அதையும் கேட்க வேண்டும், இதையும் கேட்க வேண்டும், தன் ஸ்வரத்தையும் விடக் கூடாது. இப்படி வருஷக்கணக்கில் நின்றவளுக்குக் காது எப்படி ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவள் பாடுவதற்கு முன்னால் கேட்பாள். அதுதான் அவளுடைய பலம், இன்றைக்கும்.

அப்பாவுக்கு அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டு. விடியும் முன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு போய்விடுவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கிறவர். வீட்டில் மலையாள சானலும் ஓடும், தமிழ் சானலும் ஓடும். எங்கள் விளவங்கோடு தாலுகாவில் பாதி வீடு அப்படித்தான். ஏசியாநெட்டில் ஐடியா ஸ்டார் சிங்கர், விஜய் டிவியில் சூப்பர் சிங்கர், இரண்டிலும் சித்ரா சேச்சி நடுவராக உட்கார்ந்திருப்பார். இந்தப் பிள்ளை அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். 2017-ல் திருவாரூர்ப் பக்கக் கிராமத்துப் பெண் பிரித்திகா ஜூனியரில் ஜெயித்தபோதும், அடுத்த வருஷம் புதுக்கோட்டைச் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியே பட்டம் வாங்கியபோதும் எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நம்மைப் போல உள்ள வீட்டுப் பிள்ளைகளும் அந்த மேடையில் நிற்கலாம் என்பது அந்த இரண்டு வருஷத்தில்தான் இங்கே பலருக்குத் தெரிந்தது. செந்தில் கணேஷிடம் நான் கவனித்தது ஒன்று உண்டு. சினிமாக் குரலாகத் தன்னை மாற்றிக்கொள்ளாமல், தான் பாடி வந்த குரலிலேயே கடைசி வரை நின்றார்.

இந்தப் பிள்ளையிடமோ குரலை மாற்றச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள். பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் நடுவராக வந்தவர், மேடையில் வைத்தே, "பொண்ணு பாடுற மாதிரி பாடு" என்றார். பாட்டு வகுப்புக்குச் சேர்த்த இடத்திலும் பெண்கள் வழக்கமாக எடுக்கிற ஐந்தரைக் கட்டைச் சுருதியில்தான் பாட வேண்டும் என்று பிடிவாதம். வகுப்பு முடிந்து வரும்போது தொண்டை கட்டியிருக்கும். அவள் அம்மா நல்லமிளகும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி வைத்துக் கொடுப்பார். நான் அப்போது அந்த அம்மாவிடம் சொன்னேன்: "பிள்ளைக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல. அவளுக்க சுருதி அது இல்ல, அவ்வளவுதான்."

கொஞ்சம் யோசித்தால் நம் சினிமாப் பாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஸ்வர்ணலதாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுப் பக்கத்தில் இருந்து வந்து, 1994-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை ரஹ்மான் இசையில் பாடிய ஒரு பாட்டுக்காக வாங்கினார். 2010-ல் முப்பத்தேழு வயதில் போய்விட்டார். அவருடைய பாட்டுகளில் நம்மைப் பிடித்து நிறுத்துகிற இடங்கள் பெரும்பாலும் கீழேயும் நடுவிலும்தான் இருக்கும். எல்.ஆர்.ஈஸ்வரி, ஜென்சி, உமா ரமணன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிக் குரல். பெண் குரல் என்றால் ஒன்றுதான் என்று யார் சொன்னது? கொயரில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பாட்டுகளைக் கேட்கக் கொடுப்பேன். இவளுக்கு ஸ்வர்ணலதா பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

காலேஜ் சேர்ந்த பிறகு ஒரு சானலின் ஆடிஷனுக்குப் போனாள். மதுரையில் நடந்தது. கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, டிவியிலேயே காட்டுவார்கள். டிவியில் காட்டாதது, உள்ளே போனால் கிடைக்கிற நேரம். சுருதிப் பெட்டி கிடையாது, வாத்தியம் கிடையாது, நாலு வரி பாடுவதற்குள் "தேங்க்யூ" என்று சொல்லிவிடுவார்கள். சுருதி பிடித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் தானாகவே ஒரு ஸ்வரத்தை எடுத்து அதில் நிற்க வேண்டும். அது எங்கள் பிள்ளைக்குப் புதிது இல்லை. கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸில் ராத்திரி வீடு வீடாகப் போகும்போது கீபோர்டு ஏது? ஒருவர் டோ சொல்வார், அதில் இருந்து அவரவர் ஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். தேர்வானாள், அடுத்த ஆடிஷனிலும் தேர்வானாள். அப்பாவும் மகளும் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனார்கள். அது மழைக்காலம். மழை பெய்தால் ரப்பர் வெட்டு நடக்காது, அதனால்தான் அவரால் கூடப் போக முடிந்தது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. அந்த வருஷம் அது ஒரு விதத்தில் உதவியது, வீட்டு வருமானத்துக்கு அல்ல என்றாலும்.

முதல் சில சுற்றுகள் சுமாராகத்தான் போயின. மற்றப் பெண்கள் எடுத்த சுருதியிலேயே இவளும் எடுத்தாள். சரணத்தில் மேலே போனதும் குரல் மெலிந்தது. நடுவர்கள் நல்லவிதமாகத்தான் பேசினார்கள், ஆனால் மார்க் ஏறவில்லை. வெளியேற்றப் பட்டியலில் இவள் பெயரும் வந்தது. அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் பண்ணினாள். அழவில்லை. "டீச்சரே, அடுத்த சுத்துக்குப் பாட்டு நாங்களே எடுக்கணும். ஸ்வர்ணலதா எடுக்கவா?" என்றாள்.

நான் கீபோர்டைப் போட்டேன். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு; வாசிக்கிற விரல் மாறாமல் சுருதியை மட்டும் அரை அரை ஸ்வரமாக ஏற்றலாம், இறக்கலாம். ஒரிஜினல் சுருதியில் பாடச் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது. மைனஸ் ஒன்று. மைனஸ் இரண்டு. "பாடிட்டே இரு மக்ளே, நிறுத்தாண்டாம்." மைனஸ் மூன்றுக்கு வந்தபோது பல்லவியின் முதல் வரி நடு சி-க்குக் கீழே இருக்கிற எஃப் வரைக்கும் இறங்கியது. பல பெண்களுக்கு அங்கே காற்றுதான் அதிகம் வரும், குரல் மெலிந்துவிடும். போனில் எனக்கும் அந்த ஸ்வரம் சன்னமாகத்தான் கேட்டது. ஆனால் அது போனின் குறை. அந்த எஃப் 175 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், போனின் சின்ன ஸ்பீக்கர் அந்த ஆழத்தை ஒழுங்காகக் காட்டாது. ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் முன்னே ஆலயத்தைத் திறந்து, பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். பெருக்க வந்திருந்த அம்மச்சி துடைப்பத்தை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "மைனஸ் மூணுதான். யார் சொன்னாலும் ஏத்தாத" என்று மெசேஜ் போட்டேன்.

அங்கே பேண்டில் இருந்தவர்கள் முதலில் தயங்கினார்களாம். அவ்வளவு கீழே குரல் போனால் பேஸ் கிடாரும் டிரம்ஸும் அதை மூடிவிடும் என்பது அவர்களுடைய கவலை. நியாயமான கவலைதான். அதற்கு அவர்களே வழியும் கண்டுபிடித்தார்கள்: பல்லவிக்கு வெறும் வயலின் மட்டும், தாளம் அனுபல்லவி தாண்டித்தான். குரல் பயிற்சி கொடுத்தவர் மைக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். கொயரில் கையில் மைக் பிடிக்கிற வேலையே இல்லை, அதனால் இது அவளுக்கு முழுக்கப் புதிது. கீழ் ஸ்வரத்துக்கு மைக்கை உதட்டோடு இரண்டு விரல்கடை தூரத்துக்குக் கொண்டு வர வேண்டும். அப்போது மைக்கே அடிக்குரலுக்கு ஒரு கனம் கொடுக்கும். மேலே போகும்போது தள்ளிப் பிடிக்க வேண்டும்.

மூச்சையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. கொயரில் மூச்சு முட்டினால் பக்கத்தில் நிற்பவர் பாடிக்கொண்டிருக்கும்போது நாம் எடுத்துக்கொள்ளலாம், கேட்கிறவருக்குத் தெரியாது. தனியாகப் பாடினால் ஒவ்வொரு மூச்சும் வெளியே தெரியும். வார்த்தை உடையாத இடம் பார்த்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் அந்த நிகழ்ச்சிதான் அவளுக்குக் கொடுத்தது. டிவிப் போட்டி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சும்மா பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். நல்ல வாத்தியக்காரர்களோடு வாராவாரம் பாடுகிற வாய்ப்பு எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்?

அந்த எபிசோடை எங்கள் தெருவில் எல்லாரும் பார்த்தோம். முதல் வரி முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை நான் கண்ணீரோடுதான் பார்த்தேன். அந்த வாரம் அதிக மார்க் அவளுக்கு. அதற்குப் பிறகு அவள் எந்தப் பாட்டையும் இரவல் சுருதியில் எடுக்கவில்லை. பைனலில் எல்லாரும் கேட்கிறார்களே, "எவ்வளவு மேல போனா" என்று, அந்த இடத்தைக் கீபோர்டில் வைத்துப் பார்த்தால் மற்றவர்கள் சாதாரணமாகப் பாடுகிற ஸ்வரம்தான். அடியில் இருந்து நிதானமாக ஏறி வந்ததால் அது வானத்தில் இருப்பதுபோலக் கேட்டது. பாட்டில் உயரம் என்பது எங்கிருந்து ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு விஷயம் மட்டும் என் மனதுக்கு ஒப்பவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நடுவில் ஒரு வாரம் அவளுடைய வீட்டைப் படம் பிடிக்க வந்தார்கள். அப்பா ரப்பர் வெட்டுவதை எடுத்தார்கள். அவர் சந்தோஷமாகவே வெட்டிக் காட்டினார், பட்டை சீவுகிற சரிவையும் சிரட்டையில் பால் விழுவதையும் விளக்கினார். அதன் பிறகு அம்மாவின் கையைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும் என்றார்கள். அண்டித் தோட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொள்ளிக்கும். உடைக்கிற பெண்கள் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ தேய்த்துக்கொண்டுதான் உட்காருவார்கள், ஆனாலும் விரல் நுனி கறுத்துத்தான் இருக்கும். அந்த அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்க கைய எடுக்காண்டாம். பிள்ளைக்க பாட்ட எடுங்க" என்றார். வந்தவர் இன்னொரு தடவை கேட்டார். அப்போது பிள்ளை எழுந்து, "அம்மா சொல்லியாச்சுல்லா சார்" என்றாள், அவ்வளவு மரியாதையாக. அவர்களும் விட்டுவிட்டார்கள். நான் அங்கேதான் நின்றேன். உழைக்கிற கையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அந்த அம்மாவும் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. தன் கையைக் காட்டி மகளுக்கு மார்க் வாங்க வேண்டாம் என்றுதான் மறைத்தார். பாட்டுப் போட்டிக்குப் பாட்டு போதும். வீட்டுக் கஷ்டத்தையும் சேர்த்து எடை போடுகிற வழக்கம் இந்த நிகழ்ச்சிகளில் இருந்து போக வேண்டும்.

ஓட்டுப் போடும் நாட்கள் வந்தபோது மாவட்டமே கூடிவிட்டது. அம்மன் கோவில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு இடைவேளையில் மைக்கில் அறிவித்தார்கள். கடற்கரைப் பக்கம் கத்தோலிக்கக் கோவிலில் பூசை முடிந்து சொன்னார்கள். குவைத்திலும் துபாயிலும் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, "ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டார்கள். அவளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை, இரண்டாவது இடம். ஊரில் பலருக்குக் கோபம். எனக்கு இல்லை. முதலில் வந்த பையன் உண்மையிலேயே பிரமாதமாகப் பாடினான், அவனுக்கும் ஒரு ஊர் இருக்கிறது.

இப்போது அவள் சென்னையில் இருக்கிறாள். கச்சேரிகள் வருகின்றன. அதைவிட அதிகமாக ஸ்டூடியோ வேலை. சினிமாப் பாட்டில் பின்னால் அடுக்கடுக்காகக் குரல் வருமே, அதற்கு ஸ்வரம் எழுதிக் கொடுத்த உடனே பாடுகிற ஆள் வேண்டும். ராகம் பாட நிறையப் பேர் இருக்கிறார்கள். நடுக்குரலை வழுவாமல் பிடித்து நிற்கிறவர்கள் குறைவு. போன மாதம் ஒரே ஸ்டூடியோவில் காலையில் இருந்து ராத்திரி வரைக்கும் ஆல்ட்டோ மட்டுமே பாடினாளாம். "டீச்சரே, நம்ம கேரல் சர்வீஸ் மாதிரியே இருந்து" என்றாள். அம்மா அண்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டார். அப்பா விடவில்லை, விடவும் மாட்டார், அவருக்கு மரங்களோடு ஒரு பழக்கம். டிகிரியில் அவளுக்கு இன்னும் ஒரு பேப்பர் பாக்கி. அதையும் எழுதிவிடு என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்குப் பேப்பர் வேறு.

அவள் போன பிறகு கொயருக்கு வருகிற பிள்ளைகள் கூட்டம் கூடியிருக்கிறது. எல்லாரும் சோப்ரானோவுக்கு வருகிறார்கள், டிவிக்குப் போக வேண்டும் என்று வருகிறார்கள். வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதல் நாளே நான் கீழ் ஸோ (பஞ்சமம்) வரைக்கும் இறங்கிப் பாடச் சொல்கிறேன். சில அம்மாமாருக்கு அது பிடிக்கவில்லை, "எனக்க பிள்ள மேலதான் பாடுவா" என்கிறார்கள். பாடட்டும். எந்தப் பிள்ளையின் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்துவேன், இழுக்க மாட்டேன்.

கிறிஸ்மஸ் கேரல் சர்வீசுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, ஆலயத்தின் பின்பக்க ஹாலில். ஆல்ட்டோவில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. சொல்ஃபா படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், நான் சொல்லித் தருகிறேன். எந்தச் சபையாக இருந்தாலும், சபையே இல்லாத வீடாக இருந்தாலும், "உன் குரல் கனமா இருக்கு" என்று யாராவது சொல்லிப் பாடாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை உங்கள் பக்கத்தில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுவோம்.